பன்னிரண்டாம் எண் கிளிப்

மெர்வின் டோலி நாற்பது வருடம் அடுத்தவர்களுக்குப் பல்செட் செய்தவர். போர்ட் அடிலெய்டில் ஒரு பல் வைத்தியசாலையின் பின்னறையில் மெழுகும் பிளாஸ்டருமாக உட்கார்ந்து, முகம் தெரியாத வாய்களுக்குப் பல் கோத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பழக்கம்தான் அவரை நீர்மூழ்கி மாதிரிகளுக்குள் இழுத்துவிட்டது. கை நீளப் படகின் முதுகில் கடுகை விடச் சின்ன ஆணித்தலைகளை வரிசை பிசகாமல் பதிக்க, சங்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

சங்கம் என்றால் பதினெட்டுப் பேர். ஞாயிறு காலையில் பூங்காக் குளத்தங்கரையில் கூடுவார்கள். பெரும்பாலோர் இழுவைப் படகு, மீன்பிடிப் படகு என்று மேலே மிதப்பதைத்தான் ரிமோட்டில் ஓட்டுவார்கள். தண்ணீருக்கு அடியில் ஓட்டுகிறவர்கள் இரண்டே பேர், மெர்வினும் ஆல்பி பாஸ்கோவும். குளத்துக்குக் காணிக்கை போடுகிறவர்கள் என்று மற்றவர்கள் இவர்களைக் கிண்டல் செய்வார்கள்.

ஆல்பி நிஜமாகவே நீர்மூழ்கியில் இருந்தவர். கடற்படையில் பதினொரு வருடம் சமையல்காரர். அலமாரியளவு அடுக்களையில் நின்றுகொண்டு அறுபது சொச்சம் பேருக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவர். அவரிடம் போய் நீர்மூழ்கிக் கப்பல் என்று சொல்லிவிடக் கூடாது. “கப்பல்ங்கிறது நாங்க குறி வைக்கிறது. நாங்க இருந்தது படகு” என்பார்.

தான் சமைத்த அந்தப் படகையே எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில் நான்கு வருடம் உட்கார்ந்து செய்தார். கண்ணாடியிழை உடல். அதற்குள் மோட்டார், பேட்டரி எல்லாம் அடங்கிய ஒரு குழாய். தொட்டியில் தண்ணீர் ஏறினால் படகு முங்கும்; வாயு அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினால் எழும்பும். குழாயின் மூடிக்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் கிரீஸ் சரியாகத் தடவாவிட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து எல்லாம் போயிற்று. ஆல்பியின் விரல் மூட்டுகள் வாதத்தில் வீங்கியிருந்ததால் அந்த வேலையை அவர் மனைவி கிளெனிஸ் செய்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி. சுண்டுவிரலால் கிரீஸை எடுத்து வளையத்தில் இரண்டு சுற்று தடவி, மூடியைத் திருகி, கணவரிடம் நீட்டுவார்.

அந்தக் காலத்து ரிமோட்டுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை எண் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு பேர் போட்டால் படகு உடையவன் பேச்சைக் கேட்காது. அதனால் கரையில் ஒரு பலகை வைத்து, எண் எழுதிய துணிக்கிளிப்புகளை மாட்டியிருந்தார்கள். உன் எண்ணுள்ள கிளிப் உன் கையில் இருந்தால்தான் ரிமோட்டைப் போடலாம். சங்கத்தில் இருந்த ஒரே கறாரான விதி அதுதான்.

சங்கத்தின் ஆண்டு விழா ஏப்ரலில் வந்தது. வேடிக்கை பார்க்க நாற்பது ஐம்பது பேர். ஆல்பி பன்னிரண்டாம் எண் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டு படகை இறக்கினார். மெர்வின் முந்தின வாரம்தான் பழைய ரிமோட் ஒன்றை வாங்கியிருந்தார். அதன் எண்ணும் பன்னிரண்டுதான். அது அவருக்குத் தெரியும். ஆனால் அடுத்து அவருடைய முறை. அவர் படகின் சுக்கான் திரும்ப மறுத்தது. கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்று, ஒரு நிமிஷம்தானே என்று ரிமோட்டைப் போட்டுப் பார்த்தார். சுக்கான் திரும்பியது. அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

கரையில் ஆல்பி ரிமோட்டின் குச்சிகளை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தார். குளத்தில் படகைக் காணோம். முங்கியிருந்த படகு திடீரென்று முழு வேகத்தில் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு கோரைப்பக்கம் போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். தன் ரிமோட்டின் குச்சிகள் எந்த நிலையில் இருந்தன என்று மெர்வினுக்கு நினைவிருந்தது.

சாயங்காலம் வரை தேடினார்கள். தட்டைப் படகில் போய் வாரியால் துழாவினார்கள். ஆல்பி மார்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவிப் பார்த்தார். கலங்கின குளம், முழங்கால் சேறு. படகு கிடைக்கவில்லை. ஏறி வந்த ஆல்பி, உடம்பெல்லாம் சேறு சொட்ட, எல்லார் முன்னாலும் மனைவியிடம் திரும்பினார்.

“கிரீஸ் தடவினியா?”

“தடவினேன்.”

“ரெண்டு சுத்து?”

“எப்பவும் போலத்தான், ஆல்பி.”

“அப்புறம் தண்ணி எப்படி உள்ள போச்சு? காலையில உன் தங்கச்சிகூட போன்ல பேசிக்கிட்டேதான மூடுனே. நாலு வருஷம், கிளெனிஸ். நாலு வருஷம்.”

கிளெனிஸ் சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேஜையில் மிச்சமிருந்த ரொட்டியையும் தட்டுகளையும் எடுத்துக் கூடையில் அடுக்க ஆரம்பித்தார். இரண்டு முழத் தூரத்தில் மெர்வின் நின்றார். மனுஷன் கொதித்துப் போயிருக்கிறான், நாளைக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

நாளை போய் அடுத்த வாரம் ஆயிற்று. படகைத் தொலைத்தது பெரிய குற்றமில்லை. கிளிப் இல்லாமல் ரிமோட்டைப் போட்டவர் விதிப்படி ஒரு மாதம் குளத்துக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு நாள் போகப்போக, சொல்லாமல் இருந்தது படகை விடப் பெரிதாகிக்கொண்டே வந்தது. புது உடல் வார்த்துத் தருகிறேன் என்று ஒருநாள் ஆல்பியிடம் போய்க் கேட்டார். “வேணாம்ப்பா. அதப் பத்திப் பேசாம இருந்தாத்தான் வீட்டுல சாப்பாடு இறங்குது” என்றார் ஆல்பி. அதற்கப்புறம் அவர் குளத்துப் பக்கமே வரவில்லை. தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகக் கடற்பாலத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். பன்னிரண்டு வருடம் கழித்து மாரடைப்பில் போனார். மெர்வின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தார். கிளெனிஸ் வீட்டை விற்றுவிட்டு மூண்டா என்ற ஊரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோனார்.

அதற்கும் இரண்டு கோடை கழித்து, பாசி பிடித்து நாறுகிறது என்று நகராட்சி குளத்தை வற்றடித்தது. மண் அள்ளும் வண்டிக்காரர் கோரை வேரடியிலிருந்து ஒரு நீர்மூழ்கியை உருவி எடுத்தார். சங்கத்துச் செயலாளர் அதைச் சாக்கில் சுற்றி மெர்வின் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். பக்குவமாகத் திறக்க அவர் கைதானே வேண்டும்.

செயலாளர் போன பிறகு, மெர்வின் அதை அடுக்களை மேஜையில் வைத்து மூடியைத் திருகித் திறந்தார். குழாய்க்குள் ஒரு சொட்டு ஈரமில்லை. பேட்டரி மட்டும் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. வளையத்தில் கிரீஸ் பழுப்பேறி, சுண்டுவிரல் தடம் இரண்டு சுற்று அப்படியே இருந்தது. திரும்ப மூடிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்ற நினைப்பும் வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகவே அவருக்குத் தன்மேல் அருவருப்பு உண்டாயிற்று.

மறுநாள் காலை படகைக் காரில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டி மூண்டாவுக்குப் போனார். கிளெனிஸ் தேநீர் போட்டுவைத்தார். மெர்வின் கோப்பையைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னார்: பழைய ரிமோட், கழிப்பறைக் கட்டடம், பக்கத்தில் நின்றும் வாய் திறக்காதது. கிளெனிஸ் குழாயை வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். வளையத்தைத் தடவினார்.

“காஞ்சுதான் இருக்கு” என்றார்.

“ஆமாம்.”

“ஆஸ்பத்திரியில கடைசி வாரம், அந்தப் படகு விஷயத்துல உன்னை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் கிளெனிஸ்னு சொன்னாரு. நானும் ரொம்ப நன்றின்னேன்.” வளையத்திலிருந்து விரலை எடுத்தார். “நன்றி சொன்னேன், மெர்வின். கேட்டுக் கேட்டு, நிஜமாவே நான்தான் மறந்துட்டேன்னு நம்பிட்டிருந்தேன்.”

மெர்வின் தலை குனிந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் அந்த வார்த்தையை அந்த மேஜையில் எடுத்துவைக்க அவருக்கு நா எழவில்லை. கிளெனிஸும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

“என்னை எல்லார் முன்னாலயும்தான் சொன்னாரு. நீயும் அங்கேயே போய்ச் சொல்லிடு” என்றார். படகைத் தானே வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, வற்றிய குளத்தங்கரையில் தேநீர் வேளைக்கு மெர்வின் எழுந்து நின்று சொன்னார். பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஆட்கள் மூன்றே பேர் மிச்சம். அதில் ஒருவர் காது கேளாதவர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிளிப் பலகை என்றால் என்னவென்றே தெரியவில்லை. இப்போதைய ரிமோட்டுகளில் அந்தத் தொல்லை கிடையாது. ஒருவர் மெர்வினின் தோளைத் தட்டி, “விடுப்பா, பொம்மைப் படகுதானே” என்றார். யாராவது திட்டியிருந்தால் தேவலை என்று மெர்வினுக்கு இருந்தது.

அன்று மத்தியானம் மூண்டாவுக்குப் போன் செய்து, சொல்லிவிட்டேன் என்றார். என்ன சொன்னார்கள் என்று கிளெனிஸ் கேட்டார்.

“யாருக்கும் சரியா ஞாபகம் இல்ல.”

“எனக்கு இருக்கு” என்று சொல்லிப் போனை வைத்தார் கிளெனிஸ்.

குளத்தில் மறுபடி தண்ணீர் விட்டதும் மெர்வின் ஞாயிறுகளில் போகத்தான் செய்தார். அடுத்தவர்கள் படகுக்கு உடல் வார்த்துக் கொடுத்தார், ஒட்டிக் கொடுத்தார். கடைசி மூடியைத் திருகும் வேலையை மட்டும், எவ்வளவு வற்புறுத்தினாலும், உடையவர்களிடமே விட்டுவிடுவார்.