கப்பலின் வெறும் பக்கம்

கடுகண்ணாவையில் பளீல் ஹாஜியாரின் கடையைத் தேடிப் போகிறவர்களுக்குப் பெயர்ப்பலகை கண்ணில் படாது. பலகை இருக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக் வாளிகள் தொங்குகின்றன. வாளிகளுக்கு நடுவே வீடு கூட்டுகிற தும்புத்தடிகள், தும்புத்தடிகளுக்கு நடுவே நைலோன் கயிறு, கயிற்றுச் சுருளுக்குள் புனல். ஒரு சாண் சுவரைக்கூட அந்த மனிதர் சும்மா விட்டதில்லை. வெறும் சுவரைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். கண்டி பஸ் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஜன்னலோரம் இருக்கிறவன் இறங்காமலே ஒரு குடும்பத்துக்கு வேண்டிய சாமான் அத்தனையையும் பார்த்து முடித்துவிடலாம்.

அந்தக் கடையின் மேல்மாடி அறையில் அவருடைய ஒரே மகன் அஸ்ஃபர் விண்வெளிக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தான். கொம்பியூட்டரில்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற விளையாட்டுகளில் இப்படிப்பட்ட கப்பல்கள் பறக்கின்றன. அவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு தகடாக, ஒவ்வொரு ஆணியாகச் செய்துதான் ஆக வேண்டும். இதை ஊருக்கு விளங்கப்படுத்தி அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. "கார்ட்டூன் வேலை" என்று ஊரே ஒரு பெயர் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது. வானத்தில் கப்பல் விடுகிறவனுக்கு அக்குறணையில் பெண் கொடுத்தார்களே, அதுவே பெரிய காரியம் என்று அவன் மனைவி மஸாஹிராவின் வீட்டாரைப் பற்றி அஸ்ஃபரின் உம்மா உயிரோடு இருந்த காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

முன்பு அவன் கண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தான். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோல் படம் செய்து கொடுக்கும் கம்பெனி. நாட்டில் மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக இருந்த வருடத்தில் வீடு கட்டுகிற ஆட்களே இல்லாமல் போனார்கள். கம்பெனியும் போனது. அதற்குப் பிறகு மேல்மாடிதான். வெளிநாட்டு விளையாட்டுக் கம்பெனிகளுக்கு உதிரியாக ஏதாவது செய்து கொடுப்பான். ஒரு பெட்டி, ஒரு கதவு, ஒரு ஏணி. முழுக் கப்பலை நம்பி அவனிடம் ஒருவரும் கொடுக்கவில்லை.

இந்த வருடம்தான் ஒரு கம்பெனி கேட்டது. சரக்குக் கப்பல் ஒன்று செய்து காட்டு. முதலில் ஒன்று அனுப்பு, நாங்கள் குறை சொல்கிறோம், திருத்தி இன்னொன்று அனுப்பு. பிடித்தால் நிரந்தர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம்.

ஹாஜியாருக்கும் ஒரு கணக்கு இருந்தது. அவருடைய முழங்கால் போய்விட்டது. ஏணியில் ஏறி வாளி மாட்ட முடியவில்லை.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள இது சரி வந்தா ஒன்ட பாட்டுல மேலயே ஈந்துக்கோ, மகன். நான் வாயத் தொறக்க மாட்டேன். வராட்டி கீழ வா. மேல தண்ணி டாங்கி அடுக்கணும், எனக்கு எடம் போதா."

அதில் ஒரு அநியாயமும் இல்லை. அதுதான் அஸ்ஃபருக்குக் கஷ்டமாக இருந்தது. அநியாயம் என்றால் கோபித்துக்கொள்ளலாம்.

வெறும் வானத்தில் ஒரு கப்பல் போகிறது. பக்கத்தில் மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. அது யானை அளவா, ஊர் அளவா என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதன் தோலைப் பார்த்துத்தான் தெரியும். தோலில் உள்ள ஜன்னல் பெரிதாக இருந்தால் கப்பல் விளையாட்டுச் சாமான் ஆகிவிடும். ஒன்றுமே இல்லாவிட்டால் முட்டை மாதிரி இருக்கும். ஆகவே குழாய், வால்வு, மூடி, கம்பி என்று துணுக்குகளை ஒட்ட வேண்டும். எவ்வளவு ஒட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்த வேலையின் தலையிடி எல்லாம் இருக்கிறது.

துணுக்குகளுக்கு அஸ்ஃபரிடம் பஞ்சமே இல்லை. கீழே கடையில் இருக்கிற பீவீசீ எல்போ, தண்ணீர்க் குழாய் வால்வு, டாங்கி மூடி, கதவுப் பிணைச்சல் எல்லாவற்றையும் வருடக்கணக்காக ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொம்பியூட்டரில் செய்து சேர்த்து வைத்திருந்தான். முதல் கப்பலில் அத்தனையையும் ஒட்டினான். மூக்கு முதல் வால் வரை, வயிற்றுக்கு அடியிலும்கூட, விரல் வைக்க இடம் விடவில்லை. செய்து முடித்துவிட்டுத் தானே மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் இந்தப் படங்களைப் பார்க்கிற பெண்மணி பதில் எழுதினார். ஒவ்வொரு துணுக்கும் அழகு. ஆனால் கண் தங்குவதற்கு ஓர் இடம் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றாகித் துவாய்த் துணி மாதிரி இருக்கிறது. ஏன் எல்லா இடத்தையும் நிரப்பினீர்கள்? ஓர் இடத்தைத் தெரிவு செய்யுங்கள், மற்ற இடங்களைச் சும்மா இருக்க விடுங்கள்.

ஏன் நிரப்பினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நிரப்பாமல் விடலாம் என்று அவன் தலைக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாப்பாவுக்கு ஏணி பிடித்த காலம் முதல், வெறும் இடம் என்றால் வேலை பாக்கி இருக்கிறது என்றே அவன் கண் பழகியிருந்தது.

சில நாட்கள் மண்டையை உடைத்துக்கொண்டான். பிறகு ஒரு காலையில் கொழும்புப் பக்கம் போகிற பஸ்ஸில் மாவனல்லைக்குப் போனான். மலைக் கணவாயில் ஒரு லொறி பழுதாகி நின்றதால், பாதையோரம் செங்குத்தாக நிற்கிற பெரிய பாறைக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. எத்தனையோ தரம் பார்த்த பாறை. அன்று அதன் அடியில் ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் குடையைப் பார்த்துவிட்டு மேலே பார்த்தான். மேலே, மேலே, ஒன்றுமே இல்லாத கல். அடேயப்பா, எவ்வளவு பெரிது என்று அன்றுதான் அவனுக்குத் தோன்றியது. இதில் வாளி தொங்கவிட்டால் வாப்பாவின் கடை ஆகிவிடும் என்று நினைத்ததும் பஸ்ஸுக்குள் தனியாகச் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து அழிக்கத் தொடங்கினான். ஒட்டுவதைவிட அழிப்பது எவ்வளவு வலிக்கும் என்று செய்தவனுக்குத்தான் தெரியும். கடைசியில் கப்பலின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே நீண்ட தகடாக நின்றது. அங்கங்கே மெல்லிய பொருத்துக்கோடு. கீழ் மூலையில் சின்னதாக ஒரு கதவு, கதவுக்கு ஓர் ஏணி, மேலே மஞ்சள் விளக்கு ஒன்று. குழாயும் வால்வும் எல்லாம் வாலில் இயந்திரத்தைச் சுற்றி மட்டும்.

மஸாஹிராவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் பாலர் பாடசாலை ஆசிரியை. கப்பல்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"அல்லாஹ், எவ்வளவு பெருசு!" என்றாள்.

"பெருசுன்டு எப்படித் தெரியும்?"

"அந்தக் கதவால ஒரு ஆள்தானே போக ஏலும்?"

அஸ்ஃபர் கதிரையை விட்டு எழுந்து ஓரடி பின்னால் நகர்ந்தான். அவ்வளவு காலத்தில் முதல் தடவையாகத் தான் செய்த ஒன்று தன்னைவிடப் பெரிதாக நிற்பதைப் பார்த்தான். உடனே அனுப்பிவிடச் சொன்னாள் அவள். அன்று வியாழக்கிழமை. நல்ல காரியம், நாளைக்கு ஜும்ஆ தொழுதுவிட்டு அனுப்புவோம் என்றான். அவர்கள் குடும்பத்தில் அது வழக்கம். கடை திறந்ததும் ஜும்ஆவுக்குப் பிறகு, கல்யாணம் பேசப் போனதும் ஜும்ஆவுக்குப் பிறகு.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டு அவன் மேலே ஏறினான். கொஞ்ச நேரத்தில் படியில் இன்னொரு காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு பெருமூச்சு, அடுத்த படி. கையில் அளவு டேப்புடன் ஹாஜியார் வந்து நின்றார். இந்த அறைக்கு அவர் வந்ததே இல்லை. டாங்கி எத்தனை அடுக்கலாம் என்று அளந்து பார்க்க வந்திருக்கிறார் என்று அஸ்ஃபருக்கு விளங்கியது. முகம் கறுத்தது. ஆனால் எழுந்து கதிரையைக் கொடுத்தான்.

உட்கார்ந்த மனிதர் அளக்கவில்லை. திரையையே பார்த்தார்.

"இதுதானா?"

"ஓ வாப்பா."

"திருப்பிக் காட்டு பார்ப்போம்."

திருப்பிக் காட்டினான். கப்பல் மெதுவாகச் சுழன்றது. இயந்திரப் பக்கம் வந்ததும் ஹாஜியார் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது நம்மட கேட் வால்வு தானே!"

"ஓ. கீழ ஈக்கிறத்தப் பார்த்துத்தான் செஞ்ச."

அவர் சிரித்தார். உம்மா மௌத்தான பிறகு அவர் அப்படிச் சிரித்து அஸ்ஃபர் பார்க்கவில்லை. இது எவ்வளவு நீளம் என்று கேட்டார். நம்முடைய பள்ளிவாசலிலிருந்து ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் என்றான். "சுப்ஹானல்லாஹ்" என்று வாயில் கைவைத்தார். உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், எங்கே தொழுவார்கள், தண்ணீர் எங்கே சேமிப்பார்கள் என்று சின்னப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டே இருந்தார். அஸ்ஃபரும் சொல்லிக்கொண்டே போனான். இத்தனை வருடம் இந்த மனிதர் கேட்க மாட்டாரா என்று ஏங்கிய கேள்விகள் எல்லாம் ஒரே மத்தியானத்தில் வந்து விழுந்தன.

பிறகு கப்பல் திரும்பியது. வெறும் பக்கம் வந்தது.

"இந்தப் பக்கம் சும்மா ஈக்கே மகன். முடிக்கல்லயா?"

"அது வேணும்டுதான் வாப்பா. சும்மா ஈந்தாத்தான் பெருசாத் தெரியும்."

ஹாஜியார் தலையாட்டினார். ஆனால் கண் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

"நீ படிச்சவன், ஒனக்குத் தெரியும். ஆனா பாக்கிறவன் என்ன செல்லுவான்? பொடியன் பாதியில விட்டுட்டான், சோம்பேறிண்டு செல்லுவான். ஒன்ட கையில இவ்வளவு வேல ஈக்கு, அத ஏன் ஒளிக்கிற?"

அவன் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். அளவு டேப்பை மேசையிலேயே மறந்து விட்டுப் போயிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே அஸ்ஃபர் வெகுநேரம் இருந்தான். அளக்காமல் போய்விட்டாரே! அவனுக்கு அது துஆச் செய்து வாழ்த்தியதுபோல் பட்டது.

ஒரு குழாய் மட்டும் போடலாம் என்று நினைத்தான். வாப்பாவுக்காக ஒரே ஒரு குழாய். போட்டான். அது தனியாக நின்றது பார்க்கச் சகிக்கவில்லை, பக்கத்தில் ஒரு வால்வு வைத்தான். வால்வுக்கு ஒரு மூடி வேண்டாமா? அழித்ததெல்லாம் இன்னும் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருந்தது. பாறையும் குடையும் ஞாபகத்தில் இருந்தன, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பாறை யாருடைய வாப்பாவும் இல்லையே. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது அந்தத் தகட்டில் பாதி நிரம்பியிருந்தது. தொழுதுவிட்டு வந்து மீதியையும் நிரப்பினான். கை அவ்வளவு லேசாக ஓடி அவன் பார்த்ததில்லை.

மஸாஹிரா பிளேன்டீ கொண்டு வந்தாள். திரையைப் பார்த்துவிட்டுக் கோப்பையை வைக்காமலே நின்றாள்.

"அந்தக் கதவு எங்க?"

"ஈக்கு. நல்லாப் பாரு."

தேடினாள். விரலைத் திரைமேல் வைத்து வைத்துத் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்து, "ஆ, இந்தா ஈக்கு" என்றாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அந்த இடத்திலாவது அவன் நிறுத்தியிருக்க வேண்டும். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்கு முன் அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் பதில் வந்தது. சில வரிகள்தான். இது முதல் கப்பலேதான், நாங்கள் சொன்னது உங்களுக்குப் புரியவில்லைபோல் இருக்கிறது, வேறொருவரை எடுத்துவிட்டோம், நன்றி. அஸ்ஃபர் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். புரியவில்லை என்கிறார்களே! புரிந்ததே, கையில் இருந்ததே என்று அவனுக்கு அழுகை முட்டியது. வியாழக்கிழமைக் கப்பல் அழியாமல் கொம்பியூட்டரில் அப்படியே கிடந்தது. வெட்கத்தை விட்டு, இதையும் ஒருதரம் பாருங்கள் என்று அனுப்பினான். அன்றைக்கே பதில் வந்தது.

இதைத்தான் கேட்டோம், அழகாக இருக்கிறது என்று எழுதியிருந்தார் அந்தப் பெண்மணி. இதை முதலில் அனுப்பியிருந்தால் இடம் உங்களுக்குத்தான், இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை, மன்னியுங்கள். மஸாஹிராவிடம் மட்டும் காட்டினான். அவள் வாசித்துவிட்டு அவன் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாப்பாவிடம், "சரிவரல்ல" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டான்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது, போனது. மேல்மாடியில் கறுப்புத் தண்ணீர் டாங்கிகள் ஏறின. கொம்பியூட்டரைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார்கள். பெருநாள் கழிந்து கடை திறந்த முதல் நாள் அஸ்ஃபர் ஏணியில் நின்று வாளி மாட்டிக்கொண்டிருந்தான். ஹேவாஹெட்டையிலிருந்து செல்லப்பா என்ற பழைய வாடிக்கையாளர் தண்ணீர்க் குழாய் வாங்க வந்திருந்தார். ஹாஜியார் காசு மேசைக்குப் பின்னால் இருந்தபடி மேலே கைகாட்டினார்.

"என்ட மகன் லேசுப்பட்டவன் இல்ல, செல்லப்பா. வானத்துல போற கப்பல் செஞ்சவன். நம்மட பள்ளியிலிருந்து ஸ்டேசன் வரைக்கும் நீளம்! அந்த வெளிநாட்டானுக்குத்தான் குடுத்து வைக்கல்ல."

"அப்படீங்களா ஹாஜியார்!"

"அல்லாஹ்வுக்காக, என்ட கண்ணால பார்த்த. ஆனா ஒரு பக்கம் முழுக்கச் சும்மா விட்டிருந்தான். நான் மேல போய்ப் பாக்காட்டி அப்படியே அனுப்பியிருப்பான். நான்தான் காட்டிக் குடுத்த. என்ன மகன்?"

பகல் சாப்பாடு கொண்டு வந்த மஸாஹிரா ஏணியின் அடியில் நின்றிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனிதரின் முகத்தில் இருக்கிற வெளிச்சம் இனி வராது. அதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

"ஓ, வாப்பாதான் காட்டித் தந்த" என்றான் அஸ்ஃபர்.

ஹாஜியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுவரின் மேல் மூலையைச் சுட்டிக்காட்டினார்.

"அந்தா, அந்த எடம் சும்மா ஈக்கு பாரு."

அஸ்ஃபர் கீழே பார்க்காமல் கையை நீட்டினான். மஸாஹிரா ஒரு சிவப்பு வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.