பெருக்கினால் கூடும் என்று எழுதினேன்

சனிக்கிழமைகளில் லண்டன் செவன் கிங்ஸில் ஒரு மண்டபத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெற்றோர் விட்டுவிட்டுப் போவதில்லை. பின்வரிசையில் குந்தியிருந்து, பிள்ளை எத்தனை பயிற்சி ஷீட் முடித்தது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானோ ஒரு மணித்தியாலம் முழுக்க ஒரேயொரு கணக்கை எடுத்து, "ஏன் அப்பிடி?" என்று குடைவேன். "இண்டைக்கும் ஒரு ஷீட்டும் இல்லையோ?" என்று முணுமுணுப்பு எழும். எழட்டுமே, எனக்கென்ன!

என் கவலையெல்லாம் ஒரு பத்து வயதுப் பெண்பிள்ளையைப் பற்றியது. அவளுக்கு விடைகள் எப்போதும் சரி. எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள். மூன்று மாதமாக அவள் ஒரு காரணமும் வாய்திறந்து சொன்னதில்லை.

அன்று நான் பெரிய தோரணையில், "பெருக்கினால் எப்போதும் கூடும்" என்று பலகையில் எழுதினேன். பிள்ளைகளைச் சோதிக்கத்தான் எழுதினேன் என்று இப்போது புளுகமாட்டேன். சின்ன வயதில் பாடமாக்கியது, யோசிக்காமல் கையில் வந்துவிட்டது.

"இல்லை டீச்சர்," என்றது ஒரு குரல். அவளேதான்! "பத்தை அரையால பெருக்கினா அஞ்சுதானே. ஏனெண்டா, பத்தில பாதியை மட்டும்தான் எடுக்கிறம்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அதற்குள் பின்னாலிருந்து அவளுடைய அம்மா எழுந்துவிட்டார்.

"டீச்சரையே பிழை பிடிக்கிறியோ? மன்னிப்புக் கேள்!"

பிள்ளையின் முகம் செத்துப்போனது. வாயைத் திறந்தாள்.

"கேக்கக் கூடாது!" நான் போட்ட சத்தத்தில் மண்டபமே அடங்கியது. "பிழை விட்டது நான். அவள் சொன்னதுதான் சரி."

"மரியாதை இல்லாமல் வளக்கச் சொல்லுறீங்களோ? அப்பிடியெண்டா நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்."

"போங்கோ. மறிக்க எனக்கு ஏலாது. ஆனா, யோசிச்சுச் சொன்னதுக்கு ஒரு பிள்ளை மன்னிப்புக் கேக்க இந்த வகுப்பில நான் விடமாட்டன்!"

இன்றைக்கு அவள் மன்னிப்புக் கேட்டால் இனி ஒருநாளும் வாய் திறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அம்மா என்னை முறைத்தார். நானும் விடாமல் முறைத்தேன். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை பலகைக்குப் போயிருந்தாள். நான் எழுதியதில் "எப்போதும்" என்பதை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் "சிலவேளை" என்று எழுதிக்கொண்டிருந்தாள்.