மோட்டார் யாரோடு பேசிக்கொண்டிருந்தது

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த சக்கரபாணி, போனில் பேசமாட்டார். கர்வமெல்லாம் இல்லை, திக்குவாய். நேரில் என்றால் அவர் முகத்தைப் பார்த்தாவது எதிராளி கொஞ்சம் பொறுப்பார். போனில் முகம் கிடையாது. இவர் முதல் எழுத்தோடு மல்லுக்கட்டுவதற்குள் அந்தப் பக்கம் வரிசையாக ஹலோ சொல்லிப் பார்த்து, லைன் கெட்டுவிட்டதென்று முடிவுகட்டி வைத்துவிடும்.

1993இல் விழுப்புரத்தில் ஐ.டி.ஐ. முடித்தபோது டேப்ரெகார்டர்தான் பிழைப்பு. பிறகு செல்போன் வந்தது. ஊராருடைய பேச்செல்லாம் அவர் கையால் சரியாகி வெளியே போயிற்று. கடைக்கு வரும் போனை மட்டும் மனைவி பவானி எடுப்பார்.

போனில் அவருக்குப் பிடித்தது எண்களை அழுத்தும்போது எழும் ஒலிதான். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனி ஒலி. எங்கிருந்து அழுத்தினாலும் மறுமுனையில் அது அப்படியே கேட்கும். அந்த ஒலியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒரு எலெக்ட்ரானிக் சில்லும் சந்தையில் கிடைத்தது. வாயைத் திறக்காமல் போனில் காரியம் முடிக்கலாம் என்பதை அவரைவிட அதிகம் ரசித்தவர் யாரும் இருந்திருக்க முடியாது.

2008இல் திருவக்கரைப் பக்கம் விவசாயம் பார்க்கும் கிளியம்மாள் என்பவரின் கொல்லையில் அந்தச் சில்லை வைத்து ஒரு பெட்டி செய்து பொருத்தினார். மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, தண்ணீர் விட வேண்டும். மோட்டார் கொட்டகையோ நீளமான வரப்புக்கு அப்பால். கிளியம்மாளுக்கு இரண்டு முழங்காலும் வலி. கொட்டகையில் ஒரு பழைய செல்போன், அதன் இயர்போன் துளையிலிருந்து ஒரு பெட்டிக்கு ஒயர், பெட்டிக்குள் ரிலே என்கிற தானியங்கி சுவிட்ச், அதிலிருந்து மோட்டாரின் ஸ்டார்ட்டர். வீட்டிலிருந்து கூப்பிட்டால் அந்த போன் தானே எடுத்துக்கொள்ளும். ஐந்தை அழுத்தினால் மோட்டார் ஓடும். சைபரை அழுத்தினால் நிற்கும். ஒயர் சொருகியிருப்பதால் போனுக்கு மணியும் கிடையாது, பேச்சும் வெளியே கேட்காது. இதையெல்லாம் பவானியை விட்டு விளக்கச் சொல்லியிருந்தார். கிளியம்மாள் தலையாட்டினார். ஆனால் போன் என்று ஒன்று எடுத்துக்கொண்ட பிறகு அதனிடம் பேசாமலிருப்பது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள் காலை பவானி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், கடை போன் அடித்தது. வேறு வழியில்லாமல் சக்கரபாணி எடுத்தார். மறுமுனையில் கிளியம்மாள்.

"சக்கரபாணி, உன் பெட்டி ஜோரா வேலை செய்யுதுப்பா. பட்டனே வேணாம். 'ஏஏய், ஓடேன்'னு இழுத்துச் சொன்னா ஓடுது."

சக்கரபாணிக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. இழுத்துப் பேசும் சில குரல்களில் எண்ணின் ஒலி தற்செயலாக விழுந்துவிடும். சில்லுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வாய்ப்பேச்சே வேண்டாமென்று செய்த பெட்டி வாய்ப்பேச்சுக்குக் கட்டுப்பட்டிருந்தது.

"இப்ப பச்சைமுத்து அங்க மோட்டாருக்கு பெல்ட்டு மாட்டிக்கினு இருக்கான். கூழு ரெடின்னு அந்தப் போன்லயே சொல்லிடறேன்" என்றார் கிளியம்மாள்.

பச்சைமுத்து அவரிடம் வேலைக்கு வருபவர். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு பெல்ட்டில் கை வைக்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை. "வே" என்றார் சக்கரபாணி. அதற்கு மேல் வரவில்லை. கிளியம்மாள் வைத்துவிட்டார்.

திருப்பிக் கூப்பிட்டு மறுபடியும் அந்த "வே"யிலேயே நிற்பதில் பயனில்லை. தன் செல்லை எடுத்து கொட்டகை போனின் எண்ணைப் போட்டார். அது எடுத்துக்கொண்டது. பழுதுக்கு வந்து பாடிக்கொண்டிருந்த டி.வி.யை அணைத்தார். செல்லை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தபடி, மூச்சுச் சத்தம்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவர் லைனில் இருக்கும்வரை வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. போனில் பேசாமலிருப்பதில் அவருக்கு இருந்த இத்தனை வருட அனுபவம் வீண்போகவில்லை.

கடை போன் மறுபடி அடித்தது.

"இன்னாப்பா, எங்கேஜுன்னு வருது. மோட்டார் யார்கிட்ட பேசிக்கினு இருக்குது?"

"எ..." என்றார் சக்கரபாணி. "எ... எ..."

கிளியம்மாள் யாருடைய வார்த்தைக்கும் காத்திருந்தவரல்ல. ஆனால் தன் மோட்டார் யாரோடு பேசுகிறது என்று தெரியாமல் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. காத்திருந்தார்.

"எங்கிட்டதான்மா. பே... பேசாதீங்க அதுகிட்ட. அ... அவரு கை பெல்ட்டுல இருக்குது. மெயினை இறக்குங்க."

நடக்காமலிருப்பதற்காகப் பெட்டி வாங்கிய கிளியம்மாள், அந்தப் பெட்டிக்குப் பயந்து நீளமான வரப்பை முழங்காலைப் பிடித்துக்கொண்டே நடந்து கடந்தார். காதில் செல். வழியெல்லாம் வைதது சக்கரபாணிக்கு ஒன்றுவிடாமல் கேட்டது. கடைசியில் மெயின் இறங்கிய சத்தமும் கேட்டது. கரண்ட் போய்விட்டதா என்று பச்சைமுத்து விசாரித்ததும் கேட்டது.

அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னார் சக்கரபாணி.

"இன்னாண்ணே?"

"கை..."

"ரெண்டும் இங்கதாண்ணே இருக்குது. ஏன்?"

அதற்கு அப்புறம்தான் சக்கரபாணி செல்லிலிருந்து உள்ளங்கையை எடுத்து இணைப்பைத் துண்டித்தார். பவானி வரும்வரை பொறுக்காமல் ஷட்டரை இறக்கி, சால்டரிங் அயர்னைப் பையில் போட்டுக்கொண்டு திருவக்கரை பஸ்ஸைப் பிடித்தார். எண்ணை நன்றாக அழுத்திப் பிடித்தாலொழிய மோட்டார் ஓடாதபடி அவர் மாற்றிக்கொண்டிருக்க, நல்லாயிருந்ததைக் கெடுக்கிறான் என்று பச்சைமுத்துவிடம் சொல்லிக்கொண்டு நின்றார் கிளியம்மாள்.