ஊசியக்காவின் தம்பி குடியை விட்ட விதம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பதினெட்டு வருஷமாகக் காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களின் முழங்கை மடிப்பில் நரம்பு தேடுவதுதான் வேலை. எவ்வளவு ஒளிந்த நரம்பானாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். "இனிப்பைத் தொடறதே இல்லைம்மா" என்று ஒருவர் சத்தியம் செய்தால், நாளைக்கு அவர் ரத்தம் என்ன சொல்லும் என்பதை அவர் முகத்திலேயே படித்துவிடுவாள். பொய் சொல்லுகிற வாய் அவளுக்கு அவ்வளவு பழக்கம். வீட்டிலேயே ஒன்று இருந்ததே.

தம்பி பெயர்ப்பலகை எழுதுகிறவன். குடிக்காத நாளில் அவன் எழுதிய எழுத்தைப் பார்த்தால் கடைக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கத் தோன்றும். குடித்த நாளில் 'மருந்தகம்' என்பதை 'மருந்தம்' என்று எழுதிவிட்டு, விட்டுப்போன எழுத்தைத் தேடுவதுபோல ஏணியைக் கட்டிப்பிடித்துத் தூங்கியவன்.

"பிள்ளை தங்கமானவன், அந்தக் குடி ஒண்ணுதான்" என்பாள் அம்மா.

"ஆமாம்மா, வீடு நல்ல வீடுதான், கூரை ஒண்ணுதான் இல்ல" என்பாள் ஊசியக்கா.

தம்பி குடியை விடுவதென்றால் சும்மா விடமாட்டான். அதற்குக் கூட்டம் வேண்டும். பெரியப்பா வந்து நடு நாற்காலியில் உட்காருவார். அம்மா அழத் தயாராக முந்தானையை விரித்து வைத்துக்கொள்வாள். தம்பி எல்லார் காலிலும் விழுவான். பிறகு சிவப்புக் கரை போட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விட்டு, 'இன்று முதல் குடியை விட்டேன்' என்று ஒரு பலகை எழுதி, தேதியும் போட்டுக் கூடத்தில் மாட்டுவான். பெரியப்பா கை தட்டுவார். நாலாவது தடவை ஊசியக்கா சொன்னாள்:

"தேதியை மட்டும் சாக்பீஸ்ல எழுதுடா. அழிச்சு மாத்த வசதியா இருக்கும்."

"நீ இப்படிக் குத்திக் குத்திப் பேசறதாலதான் அவன் குடிக்கிறான்" என்றார் பெரியப்பா.

"அப்படிப் பார்த்தா நான் ஊசி குத்தினவங்க எல்லாரும் இந்நேரம் குடிகாரங்களா ஆயிருக்கணும், பெரியப்பா."

இப்படியெல்லாம் பேசியவள்தான் அவனைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்தாள். வாந்தியும் பெயிண்ட்டும் ஒட்டிய சட்டையை ஊறவைத்தாள். குப்புற விழுந்து கிடந்தால் மூச்சு அடைக்காமல் தலையைத் திருப்பி வைத்தாள். அவன் பலகை எழுதும் பட்டறைக்காரர் போன் செய்தால் காய்ச்சல் என்றாள், வயிற்றுப்போக்கு என்றாள். அவள் சொன்ன கணக்குப்படி பார்த்தால் அவனுக்கு ஒரே வருஷத்தில் மூன்று தடவை மஞ்சள் காமாலை வந்திருக்க வேண்டும். பாசமாம் பாசம் என்று தன்னைப் பார்த்துத் தானே உதட்டைப் பிதுக்கிக்கொள்வாள். அந்தப் பாசம் அவனை ஒரு நாளாவது குடிக்காமல் வைத்ததா என்றால், இல்லை. நிம்மதியாகக் குடிக்க வைத்தது. அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை பட்டறைக்காரர் போன் செய்தார். ஒரு பள்ளிக்கூடத்துப் பலகை அன்றைக்கு ஏறியாக வேண்டும். தம்பி கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அம்மா தன் நெற்றியில் கை வைத்து, காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி ஜாடை காட்டினாள். ஊசியக்கா அந்த ஜாடையை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"குடிச்சிட்டுக் கிடக்கிறான்ணே. எழுப்பினா எழுந்திருக்க மாட்டான்."

பள்ளிக்கூடத்துப் பலகை வேறு ஆளுக்குப் போனது. அம்மா பத்து நாள் பேசவில்லை. தெளிந்து எழுந்த தம்பி மட்டும் குதித்தான்.

"கூடப் பிறந்தவளா நீ?"

"அதனாலதான் இத்தனை நாள் பொய் சொன்னேன். இனிமே உன் பொய்யை நீயே சொல்லிக்கோ. குடிச்சிட்டு வந்தா இந்தக் கதவு திறக்காது. நிஜமாவே விடணும்னு தோணுச்சுன்னா என்கிட்ட வா, டாக்டர்கிட்டக் கூட வரேன். பலகை மட்டும் எழுதாதே. உன் எழுத்துக்குத்தான் அசிங்கம்."

அவன் கோபித்துக்கொண்டு போய்ப் பட்டறைக் கொட்டகையிலேயே படுத்தான். இரண்டு மாதம் அவளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். வேலைக்குப் போகும் வழியைத் திருப்பிக்கொண்டு தினமும் அந்தக் கொட்டகை வழியாகத்தான் போனாள்.

பிறகு ஒரு காலை அவன் பரிசோதனைக் கூடத்து வரிசையில் டோக்கனோடு நின்றான். முறை வந்ததும் அவள் எதிரே உட்கார்ந்து கையை நீட்டினான்.

"என்ன, அடுத்த விழாவா? பெரியப்பாவுக்குச் சொல்லியாச்சா?"

"யாருக்கும் சொல்லல. அம்மாவுக்கும் சொல்லல. என்னால தனியா முடியலக்கா. நீ என்னை நம்ப வேண்டாம். டாக்டர்கிட்டக் கூட வா, போதும்."

அவள் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பக்கத்து நாற்காலிக்காரியிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு அவனோடு பஸ் ஏறினாள். இறங்கும் வரை திட்டிக்கொண்டே வந்தாள். முன் சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

குடியை நிறுத்தும் பிரிவில் சுவரில் ஒரு படம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று எல்லாரும் பல் தெரியச் சிரித்தார்கள். அதில் ஒருத்தராவது குடிகாரனோடு ஒரு நாள் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள். டாக்டரம்மா தம்பியிடம் கேட்டார்:

"எவ்வளவு குடிப்பீங்க?"

பதில் ஊசியக்காவுக்கு மனப்பாடம். இதற்கு முன் மூன்று டாக்டர்களிடம் சொன்னதுதான்: கொஞ்சம்தான், எப்பவாவது. அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"பல் விளக்கறதுக்கு முன்னாடி ஆரம்பிப்பேன்" என்றான் தம்பி. "டர்பன்டைன் பாட்டில்ல ஊத்தி ஒளிச்சு வைப்பேன். ஏணியிலேர்ந்து மூணு தடவை விழுந்திருக்கேன், அக்காவுக்கு ஒண்ணுதான் தெரியும். கை உதறுறதைப் பார்க்க முடியாம அம்மாவே டம்ளர்ல ஊத்திக் கொடுத்திருக்காங்க. இதுவும் அக்காவுக்குத் தெரியாது."

ஊசியக்கா ஜன்னலை விட்டு வெடுக்கென்று திரும்பினாள். டாக்டரம்மா அவளைப் பார்த்து, "நீங்க வேணும்னா வெளியில இருங்களேன்" என்றார்.

"அவன் இன்னும் முடிக்கல டாக்டர். கேட்டுட்டே போறேன்."

முழுவதும் கேட்டாள். அழவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து நிழல் விடாமல், கரை போடாமல் வந்த பேச்சு அதுதான். அதற்காக அவனை மெச்சிவிடவும் அவளுக்கு மனசில்லை. உண்மை பேச முப்பத்தாறு வயசாக வேண்டுமா?

மூன்று வாரம் அங்கேயே இருந்தான். பிறகு வாரா வாரம் போனான். அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய் குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கு நடக்கும் கூட்டத்தில் உட்காரவைத்தாள் ஊசியக்கா. டம்ளர் விஷயத்தை அம்மா தன் வாயால் சொல்ல நாலு வாரம் பிடித்தது.

ஐந்தாம் மாதம் தம்பி சறுக்கினான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலை அவனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்துவிட்டு, அக்காவிடம் வந்து நின்றான்.

"நேத்து மத்தியானம் குடிச்சிட்டேன்க்கா."

கால் மணி நேரம் அவனைக் கிழித்து எடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கூடக் கிளம்பினாள். விஷயம் தெரிந்து வந்த பெரியப்பா, "நான் அப்பவே நினைச்சேன், இவனாவது திருந்தறதாவது" என்றார்.

"அவன் பொய் சொன்னப்பல்லாம் கை தட்டினீங்க" என்றாள் அவள். "இன்னிக்குத்தான் உண்மையைச் சொல்லியிருக்கான், மூஞ்சியைச் சுளிக்கறீங்க. போய் வேலையைப் பாருங்க பெரியப்பா."

அதற்குப் பிறகு அவன் குடிக்கவில்லை. பட்டறையில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள், முதலில் சின்னப் பலகைகளுக்கு மட்டும். தன் சட்டையைத் தானே துவைத்துக்கொள்கிறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று வாயை ஊதிக் காட்ட வேண்டும். ஊசியக்கா முகர்ந்து பார்த்த பிறகுதான் வழி விடுவாள். அவமானமாக இல்லையா என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, "அவங்க பட்டதுல இது கால்வாசி கூட இல்லண்ணே" என்றானாம்.

சறுக்கலுக்குப் பிறகு ஒரு வருஷம் ஆன அன்று வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, இன்னியோட ஒரு வருஷம் ஆச்சு."

"உன் குடியோட எனக்குப் பதினேழு வருஷம் ஆச்சு" என்றாள் அவள்.

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் முகராமலே உள்ளே விட்டாள். மறுநாளிலிருந்து பழையபடி ஊதச் சொன்னாள்.