செருப்புக்குத் திரும்பியவள்

புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் பெண்கள் எல்லோரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் வசனத்துக்கு விளக்கம் சொல்வது என் பொறுப்பு. அந்த வாரம் வரிசைப்படி வந்தது, ஆபத்து நாளில் வீட்டின்மேல் இருப்பவன் எதையும் எடுக்க இறங்காமல் ஓடிப்போக வேண்டும் என்று எச்சரிக்கிற பகுதி.

"மேல இருக்கவன் இறங்காம எப்படி டீச்சர் ஓடுவான்? குதிக்கச் சொல்லுதாரா?" என்றாள் திரி வைக்கிற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஊர் வீடுகளுக்குப் படி வெளியில் இருக்கும், வீட்டுக்குள் நுழையாமலே தெருவுக்குப் போய்விடலாம் என்றேன்.

"அப்ப கம்பெனியில நம்ம ரூம் மாதிரிதான். எந்தப் பக்கமும் வாசல்," என்றாள் அவள்.

என் மகள் கட்டுப்போட்ட வலதுகாலை நீட்டி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலை யாரும் பார்க்கவில்லை.

அவள் டிகிரி முடித்துவிட்டு சாத்தூர் பக்கத்துக் கம்பெனியொன்றில் சூப்பர்வைசராக இருக்கிறாள். வெடிமருந்து இருக்கும் ரூமுக்குள் செருப்புப் போடக்கூடாது. உரசலே போதும், பற்றிக்கொள்ளும். எல்லோரும் வாசலருகே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கூட்டத்துக்கு முந்தின மாதம் ஒரு மத்தியானம் தள்ளியிருந்த ரூமில் தீப்பிடித்தபோது, தன் ரூம் பெண்களை விரட்டி வெளியேற்றிவிட்டு இவளும் ஓடியிருக்கிறாள். கொதிக்கிற தரை, வேலி ஓரமெல்லாம் கருவை முள். செருப்பை எடுக்கத் திரும்பினாள். அந்நேரம் பக்கத்து ரூம் வெடித்தது.

"செருப்புக்குத் திரும்புனது தப்பாங்க டீச்சர்?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

நான் பதில் சொல்லுமுன் மகளே சொன்னாள்: "அந்த ஊர்ல முள்ளு இல்ல போலக்கா."

மறுபடியும் சிரிப்பு. எனக்கு மட்டும் வரவில்லை. அந்தப் பகுதியைப் பேராசைக்காரர்களைக் கண்டிக்கிற பகுதி என்றே இத்தனை காலம் விளக்கியிருக்கிறேன். அப்படி இல்லை என்று அன்றைக்குத் தோன்றியது. ஓடுகிற நேரத்திலும் கை பழகிய பொருளைத் தேடும். அப்போது யோசிக்க அவகாசம் இருக்காது. அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறது. இதைச் சொன்னேன்.

கூட்டம் கலைந்ததும் மகளிடம், "திரும்ப அங்கன போக வேண்டாம். மதுரைக்குப் போயிருவோம். நாளைக்கே," என்றேன்.

"நாளைக்கேவா? நீங்களும் வாறீகளா?"

"பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும். வீட்டுக்கு ஒரு ஆளைக் குடிவைக்கணும்..."

"உங்களுக்குப் பரீட்சை, எனக்கு சீசன்," என்றாள் அவள். கேலியாகச் சொல்லவில்லை.

கால் ஆறியதும் ஒரு திங்கட்கிழமை கம்பெனி வேன் வந்தது. ஏறிப் போனாள்.

அன்றைக்கு மத்தியானம் நான் பள்ளியில் இருந்தபோது தூரத்தில் ஒரு சத்தம். ஆசிரியர் அறையில் எல்லோர் கையும் ஒரே சமயத்தில் போனுக்குப் போனது. கம்பெனிகளில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தும் அவள் எண்ணை அழைத்தேன். சத்தம் கல்குவாரியிலிருந்து என்று பிறகு யாரோ விசாரித்துச் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகும் இன்னொரு முறை அழைத்தேன்.

பரீட்சை முடிந்துவிட்டது. வீட்டுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், மத்தியானம் ஆனால் அழைக்கிறேன். எங்கோ கேட்டில் அவள் போன் அடித்து அடித்து ஓய்கிறது.