பெரிய நம்பர் கார்டு

கம்ப்யூட்டரில் படம் ஓட்டும் கிராபிக்ஸ் கார்டைச் சுற்றி வரும் சில்வர் கவரைப் பிரித்தால் ஒரு வாசனை வரும்... புது பிளாஸ்டிக்கும் ஈயப் பற்றும் கலந்த மாதிரி. கஸ்டமர் முகத்துக்கு நேரே நீட்டி, "மோந்து பாருங்க, ஃபாரின்" என்பேன். பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும்.

அப்போது எனக்குத் திருத்துறைப்பூண்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை. படிப்பு ஆறாவது. அதற்கு முன்னால் விதைநெல் கடையில் மூட்டை தூக்கினேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், இங்கிலீஷில் நம்பர் படிக்கத் தெரியும். அது போதும் என்று முதலாளி நினைத்தார். நானும்தான்.

என் சிநேகிதன் டொமினிக் அதே தெருவில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கேசட் போய் சிடி வந்த நேரம். கல்யாண வீடியோவில் பெண் மாப்பிள்ளை தலைக்கு மேல் ரோஜாப்பூ சுற்ற வேண்டும், தாலி கட்டும்போது இதயம் இரண்டாகப் பிரிந்து சேர வேண்டும்... இல்லாவிட்டால் சிங்கப்பூர் சொந்தக்காரர்கள் மதிக்க மாட்டார்கள். அவன் மெஷினில் நான் மாட்டிக் கொடுத்திருந்த பழைய கார்டு அந்தப் பூவை அலுங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஊரில் பாதிப் பேர் பாஸ்போர்ட்டும் கையுமாக அலைந்த சமயம் அது. டொமினிக்குக்கும் சிங்கப்பூர் கப்பல் பட்டறை வேலைக்கு ஏஜெண்ட் சொல்லி அனுப்பிவிட்டான். வீட்டில் அவன் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஏழு மாதம்.

"தை மாசம் நாலு கல்யாணம் கையில இருக்கு மாப்ள. சொன்ன நாளுக்குக் குடுத்துட்டா இங்கயே பொழைச்சுக்குவேன். புள்ள பொறக்குறப்ப பக்கத்துல இருக்கணும்டா" என்றான். மெஷின் இன்னும் வேகமாக ஓட வழி உண்டா என்று என்னைக் கேட்டான்.

என்னைப் போய்க் கேட்டான் பாருங்கள்...

அந்த வாரம்தான் புதுக் கார்டு வந்திறங்கியிருந்தது. பழசின் பெயரில் நாலாயிரத்துச் சொச்சம் நம்பர், புதுசில் ஐயாயிரத்துச் சொச்சம். பழசில் மெமரி அறுபத்து நாலு எம்பி, புதுசில் இருநூற்று ஐம்பத்தாறு. விதைக் கடையில் நான் கற்றது ஒன்றே ஒன்றுதான். ஆடுதுறை முப்பத்தாறு பழைய ரகம், நாற்பத்து மூன்று புது ரகம். நம்பர் ஏறினால் ரகம் புதுசு, புதுசு என்றால் ஒரு படி மேல். கார்டுக்கும் அதே கணக்கைப் போட்டேன்.

"இதுதான்டா நாப்பத்தி மூணு. நீ இன்னும் முப்பத்தாறுலயே நாத்து விட்டுக்கிட்டு இருக்க" என்றேன். விவசாயி மகன், சட்டென்று பிடித்துக்கொண்டான். பழசைக் கழற்றி ஓர் அரிசி மில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாட்டிவிட்டேன். அங்கே அது காலம் முழுக்க பில் அடித்தது, மத்தியானத்தில் சீட்டு விளையாடியது.

மூன்றாம் நாளே டொமினிக் வந்து நின்றான். "மாப்ள, பூ விக்கி விக்கிச் சுத்துதுடா."

போய்ப் பார்த்தேன். திரும்பி வந்து டீக்கடையில் நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னேன். "கார்டு நல்லாத்தான் இருக்கு. ஊரான் வீட்டுக் கல்யாணப் பொண்ணுங்களையே பாத்துப் பாத்து உன் கண்ணுதான் போச்சு. போயி கண்ணாடி போடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

ஆனால் மறுவாரம் தஞ்சாவூர் போய்க் கண் டாக்டரைப் பார்த்திருக்கிறான். கண்ணில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். கண்ணும் சரி, கார்டும் சரி என்றால் மிச்சம் என்ன? "எனக்குத்தான் கை ஓடல மாப்ள. இந்தத் தொழில் நமக்கு வராது போல" என்றான். இரண்டு கல்யாணம் சொன்ன நாளைத் தாண்டியது. ஒரு வீட்டில், அவன் கேமராவில் எடுத்து வைத்திருந்த கேசட்டை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். மாசியில் ஸ்டுடியோவைப் பூட்டினான்.

பஸ் ஏற்றிவிடப் போனபோதுகூட நான் சும்மா இல்லை. சிங்கப்பூரில் நல்ல கண்ணாடி கிடைக்கும் என்று சொல்லித்தான் கையாட்டினேன்.

பெண் குழந்தை பிறந்தது. அவன் முதல் லீவில் வந்து இறங்கியபோது அவள் ஓடவே தொடங்கியிருந்தாள். அவனைக் கண்டதும் ஸ்டெல்லாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்...

இப்போது எனக்குச் சொந்தக் கடை. இன்றைய கார்டு செங்கல் கனம், மூன்று ஃபேன், மெமரியெல்லாம் ஜிபி கணக்கு. குலை தள்ளிய வாழை மாதிரி அதற்கு அடியில் முட்டுக் கொடுத்துத்தான் மாட்டுகிறோம். போன வருஷம் ஒரு கஸ்டமருக்காக என் மகள் கவிதா செல்லில் இரண்டு கார்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் காலத்துக் கார்டு இரண்டையும் போடச் சொன்னேன், விளையாட்டுக்கு.

"பழசுதான்பா வேகம்" என்றாள். "புதுசுல மெமரி மட்டும்தான் பெருசு. அதுல இருந்து டேட்டா வர்ற வழி பாதிதான். பழசுல நூத்தி இருபத்தெட்டு பிட், இதுல அறுபத்தி நாலு."

அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆறு நிறையத் தண்ணீர் போகட்டும், மதகு பாதி அகலம்தான் என்றால் கடைமடை வயலுக்கு என்ன வந்து சேரும்? அதைப் புரிந்துகொள்ள ஆறாவது படிப்பே அதிகம். அந்த அறுபத்து நாலு பிட்டும் அட்டையில் எங்காவது சின்ன எழுத்தில் இருந்திருக்கும். நம்பர் படிக்கத் தெரிந்தவன் நான்... பெரிய எழுத்தை மட்டும் படித்தேன்.

இன்றைக்கு எது வேகம் என்று விரலால் தட்டினால் தெரிந்துவிடுகிறது. அன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள எங்களிடம் இருந்தது டொமினிக்கின் இரண்டு கண்கள்தான்.

இந்தப் பொங்கலுக்கு வந்திருந்தான். நிஜமாகவே கண்ணாடி போட்டிருந்தான், வயசு. பழைய கிண்டலை எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்தான். நான் டீ சொன்னேன்.

நேரில் வாய் வரவில்லை. நான் இதை எழுதும் இந்த வாட்ஸ்அப் குரூப்பில்தான் அவனும் இருக்கிறான், படிக்கட்டும்.

மாப்ள, அன்னைக்கு அந்தப் பூ விக்கித்தான் சுத்துச்சு. நானும் பாத்தேன்டா.