ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிய ரத்தக் கொதிப்பு

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் நான் வைண்டிங் என்ஜின் டிரைவராக இருந்தேன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ், மேலே என்ஜின் அறையில் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் கைக்குத்தான் கட்டுப்படும். அதனால் எங்களுக்கு வருஷம் தவறாமல் உடல் பரிசோதனை உண்டு. நாற்பத்தேழாம் வயதில் அந்தப் பரிசோதனையில் எனக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. பாதரசம் நூற்று எண்பத்து நாலில் நின்றது.

"மூணு மாசம் டைம் தர்றேன்" என்றார் டாக்டர். "மாத்திரை சாப்பிடு, உப்பைக் குறை. இறங்கலைன்னா உன்னை என்ஜின்ல உக்கார வைக்க முடியாது. அதுவரைக்கும் பக்கத்துல இன்னொரு டிரைவர் இருக்கட்டும்."

மறுநாளே இளைய டிரைவர் ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டார். நல்ல பிள்ளைதான், வாய்தான் கொஞ்சம் நீளம். "அண்ணே, கேஜ் இன்னைக்கு ஆடி அசைஞ்சு வருதே, உப்பில்லாத சோறா?" என்பார். நான் சிரித்துவிடுவேன். ஆனால் அந்த நாற்காலி எனக்கு உறுத்தியது.

கொதிப்பை இறக்கிவிடலாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அளக்க முடிந்த எதையும் சரிசெய்துவிடலாம் என்பது என் எண்ணம். பெங்களூருக்குப் போய்ப் பாதரசக் கருவி ஒன்றும் ஸ்டெதாஸ்கோப்பும் வாங்கி வந்தேன். அளப்பது எப்படி என்று ஒரு கம்பவுண்டர் மூன்று மாலை வந்து என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். காது மட்டும் மகா கூர்மை. டியூட்டி முடிந்து வந்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, இடது கையை மேசைமேல் நீட்டுவேன். அவள் இரண்டு தரம் அளப்பாள்.

"நூத்தி எழுவத்தி ரெண்டு. ஒரு தரம் ஊதனா பத்தாதா? எனக்குக் கைதான் வலிக்குது."

"ரெண்டாவதுதான் கணக்கு."

"அப்ப மொதல்ல எதுக்கு ஊதறேன், அடுப்பு பத்த வெக்கவா?"

தேதி, நேரம், அளவு, மாத்திரை, சாப்பிட்டது எல்லாவற்றையும் டைரியில் எழுதினேன். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் வீட்டைவிட்டுப் போயின. களி உப்பில்லாமல் கிண்டப்பட்டது. குழம்புக்குச் சின்னக் கரண்டியால் உப்பு அளந்து போட்டாள். பேத்தமங்களாவிலிருந்து வரும் கீரையும் முள்ளங்கியும் தினமும் இலையில் இருந்தன. அளவு கொஞ்சம் இறங்கி, நூற்று எழுபதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

ஏழாம் வாரம் டைரியோடு டாக்டரிடம் போனேன். அவர் பக்கங்களைப் புரட்டி, விரலை ஒவ்வொரு ஞாயிறாக வைத்துக்கொண்டே வந்தார். லீவு நாளான ஞாயிறு மாலைகளில் மட்டும் அளவு நூற்று அறுபதுக்குக் கீழே இருந்தது.

"உன் நோட்டே சொல்லுதே. வேலைதான் உனக்கு ஆகலை."

என்ஜினில் உட்கார்ந்திருப்பதற்காக நான் எழுதியதே என்னை அங்கிருந்து இறக்கப் பார்த்தது.

அடுத்த திங்கட்கிழமை டியூட்டிக்குப் போகும் வழியில், சைக்கிள் கேரியரிலிருந்து நான் தண்ணி கொண்டுபோகும் கண்ணாடிப் புட்டி விழுந்து உடைந்தது. சனிக்கிழமை பஜாருக்குப் போகும்போது வேறு வாங்கலாம் என்று விட்டுவிட்டோம். அந்த வாரம் முழுவதும் என்ஜின் அறைப் பானையிலிருந்த குழாய்த் தண்ணீரைத்தான் குடித்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை டைரியைத் திறந்தபோது, ஆறு வேலை நாட்களும் ஞாயிறுகளைப் போலவே இருந்தன. வேலை அதே வேலை, மாத்திரையும் சாப்பாடும் அதேதான். மாறியது என்ன என்று வரி வரியாகத் தேடினேன். சாப்பாட்டுப் பகுதியில் ஒன்றும் அகப்படவில்லை. திங்கட்கிழமைப் பக்கத்தின் அடியில், வீட்டுச் சாமான்கள் எழுதும் இடத்தில் இருந்தது: "புட்டி உடைந்தது."

டியூட்டி நாட்களில் மட்டும் புட்டியில் போவது கஞ்சித் தண்ணி. டிரைவர் ஆவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நான் கீழே, பாறையே சுடுகிற ஆழமான லெவல்களில் வேலை செய்தேன். அங்கே வேர்வை ஆறாய் ஓடும். உப்பு கரைத்த கஞ்சி இல்லாமல் ஷிப்ட் முடிக்க முடியாது. எங்கள் எல்லோருக்கும் அதற்குப் பெயர் தண்ணி, அவ்வளவுதான். தண்ணியை யாராவது சாப்பாட்டில் எழுதுவார்களா?

மனைவியைக் கூப்பிட்டேன். "புட்டியில எவ்ளோ உப்பு போட்றே?"

உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். "நீங்க சொன்ன அளவுதான்."

"எப்ப சொன்னேன்?"

"கீழ வேலை செய்யறப்ப."

"நான் மேல வந்து ஒம்பது வருஷம் ஆகுதே!"

"நீங்க வந்துட்டீங்க. கஞ்சிய மேல ஏத்தச் சொல்லி யாரும் சொல்லலையே."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது வருஷமாக அதைக் குடித்தவன் நான்தான். புதுப் புட்டியில் உப்பில்லாத கஞ்சி நிரப்பினாள். டைரியில் "குடித்தது" என்று புதிதாக ஒரு பத்தி கோடு போட்டேன்.

மூன்று மாதக் கெடு முடிந்த அன்று டாக்டர் இரண்டு கையிலும் அளந்தார். நூற்று நாற்பத்து நாலு. நான் டைரியை நீட்டினேன். விரலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினார்.

"இதுல ஞாயித்துக்கிழமை எது?"

"தேதியைப் பார்த்தாத்தான் தெரியும் சார்."

மாத்திரையை நிறுத்தக் கூடாது, மாதம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் இளைய டிரைவர் நாற்காலியை எடுத்துப்போக வந்தார். "அப்பிடி இன்னா மருந்துண்ணே அது?" என்று என் புட்டியை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, வாசலுக்கு ஓடித் துப்பினார்.

"இன்னாண்ணே இது, மாட்டுக்கு வெக்கிற கழனித் தண்ணி மாதிரி கீது!"

கீழேயிருந்து மணி அடித்தது. ஆட்கள் ஏறிவிட்டார்கள். நான் கைப்பிடியைப் பிடித்தேன்.